முட்டைகளுக்கு ஒரு நிறைகுடம்

"குருவி பாக்கிறதுக்கோ பிள்ளை கம்பஸ் போறாய்?"

கேட்டவர் எங்கள் கோயிலில் கார் நிறுத்தும் பொறுப்பில் இருந்த அங்கிள். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பழைய களஞ்சியக் கட்டடம்தான் அப்போது கோயில். அதன் பின்னாலிருந்த சரளைக்கல் வெளியில் குந்தியிருந்து நான்கு முட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லின் நிறம், கல்லின் புள்ளி. தெரியாதவர் மிதித்துவிட்டே போவார். எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். சும்மா விடுவேனா?

"ஓம் அங்கிள், அதுக்கும்தான்" என்றேன்.

அதற்குள் தாய்ப்பறவையைக் கண்டுவிட்டார். கில்டியர் என்பார்கள், நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டிகள், ஊர் ஆட்காட்டிக்குச் சொந்தக்காரி. ஒரு செட்டையை இழுத்து இழுத்துக் கத்தியது.

"ஐயோ, செட்டை முறிஞ்சுபோச்சு!" வெறும் வாழைப்பழப் பெட்டியோடு அங்கிள் பின்னால் ஓடினார். வேலிவரை கூட்டிப்போய்விட்டு அது சுகமாகப் பறந்தது.

"முட்டையிலயிருந்து உங்களை விலத்துது அங்கிள். நரியெண்டு நினைச்சிட்டுது."

"நரியோ? என்னைப் பாத்தோ?" மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். பிறகு முகம் மாறியது. "ஞாயிற்றுக்கிழமை விசாகமெல்லோ. இவ்வளவு காரும் இங்கைதான் வரும்."

குஞ்சு பொரிக்க இன்னும் சில நாட்கள் தேவை. முட்டைகளை இடம் மாற்றினால் தாய் கைவிட்டுவிடும். அங்கிள் செம்மஞ்சள் கூம்புகளை வைத்து மறித்தார். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்த ஒருவர் இறங்கி, கூம்பைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் வான் வண்டியை விட்டார். சில்லுக்கும் முட்டைக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

எங்கள் சனம் கூம்புக்கு அடங்காது. எதற்கு அடங்கும் என்பது எனக்குத் தெரியும்.

"குருவிக்கு நிறைகுடமோ? சாமி கோவிக்காதோ?" என்றார் அம்மா.

"முருகனிட்டை மயில் இருக்கு, சேவல் இருக்கு. இதையும் சேக்கட்டும்."

அம்மா சிரித்துக்கொண்டே பித்தளைக் குடத்தை எடுத்துத் தந்தார். ஞாயிறு காலை, கூட்டிலிருந்து தள்ளி நாலு பக்கமும் தடி நட்டு, பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணம் கட்டினேன். முன்னால் வாழையிலை, அதில் நிறைகுடம், மேலே தேங்காய். தாய் எழுந்து ஓடிவிட்டது. திரும்பி வருமா என்று பார்த்துப் பார்த்து நடந்தேன். நான் கோயில் வாசலை எட்டுமுன்பே வந்து அடையில் இருந்தது.

அன்றைக்கு ஒரு கார்கூடத் தோரணத்தைத் தொடவில்லை. ஓர் அன்ரி செருப்பைக் கழற்றிவிட்டுப் பூ வைத்தார். "இது எந்தச் சாமி அண்ணை?"

"மெள்ளக் கதையுங்கோ" என்றார் அங்கிள். "உள்ளுக்கு அடைகாக்கினம்."

அந்தக் கிழமையே நான்கும் பொரித்தன. கால் முளைத்த பஞ்சுகள்! ஈரம் காய்ந்ததும் ஓடத் தொடங்கிவிட்டன. அவை புல்லுக்குப் போய்ச் சேரும்வரை, மரக்கறி கொண்டுவந்த லொறிக்கு முன்னால் அங்கிள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

இந்த வசந்தத்தில் அவரே தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, பக்கத்துப் பிளாசாப் பின்பக்கம் ஒரு சோடி வந்திருக்கு. அங்கை வாற லொறிக்காரருக்கு எங்கட கும்பம் விளங்காதே?"

விளங்காதுதான். அதனால் நேற்றே அந்தப் பிளாசா மனேஜரின் கதவைத் தட்டி, பறவையைக் காட்டி, ஆங்கிலத்தில் ஒரு பாடமே எடுத்துவிட்டேன். அவர் பார்த்து நிற்க, அங்கிளின் கூம்புகளைக் கூட்டைச் சுற்றி வைத்துவிட்டு வந்தேன்.