நாலு கோர் போதும் என்றவள்

தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சவுரியப்பனின் கம்ப்யூட்டர் கடையில் வெண்மதி வேலைக்குச் சேர்ந்து பதிமூன்று வருடம் ஆகிறது. பாலிடெக்னிக் முடித்த கையோடு வந்தவள். நல்லம்பள்ளியிலிருந்து தினமும் டவுன் பஸ். ஆடிட்டர் ஆபீஸ், போட்டோ ஸ்டூடியோ, பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் அவள் கையால் பாகம் பாகமாகப் பூட்டிய கம்ப்யூட்டர் ஒன்றாவது இருக்கும். கடைக்கு வருகிறவர்கள் முதலாளியைத் தேட மாட்டார்கள். "வெண்மதி மேடம் இருக்காங்களா?" என்றுதான் படியேறுவார்கள்.

அன்ஜும் வந்து சேர்ந்து எட்டு மாதம்தான். இருபத்து நான்கு வயது. அப்பா காஜாவுக்குக் கடைவீதியில் செருப்புக் கடை. வந்த புதிதில் வெண்மதிக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது. அன்ஜும் பள்ளிக்கூட நாளிலிருந்தே கேம் விளையாடுகிறவள். கேமுக்கென்று கம்ப்யூட்டர் வாங்க வந்த கல்லூரிப் பையன்கள் அவளோடு பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. எதையோ சொல்லிச் சிரிப்பார்கள். வெண்மதி தன் வாழ்நாளில் ஒரு கேம்கூட விளையாடியதில்லை. அந்தச் சிரிப்பில் தனக்கு இடமில்லை என்பது முதலில் உறுத்தலாக இருந்தது. நாளாக ஆக வயிறு எரிந்தது.

ஆடி மாதம் பாப்பாரப்பட்டியிலிருந்து மாதேஸ்வரன் என்பவர் வந்தார். ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊரில் கேமிங் சென்டர் திறக்கப் போகிறவர். பத்து கம்ப்யூட்டர் வேண்டும்.

"ப்ராசஸர்ல நாலு கோர் போதுமா, ஆறு வேணுமா, எட்டு வேணுமா? யூடியூப்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க," என்றார்.

"நாலு போதுங்க," என்றாள் வெண்மதி. "கேமுக்கு கிராபிக்ஸ் கார்டுதான் முக்கியம். கோருக்குப் போடற காச அதுல போடுங்க."

பல வருடமாக அவள் சொல்லிவந்த பதில் அது. யாரும் குறை சொல்லி வந்ததில்லை.

பக்கத்து மேசையிலிருந்து அன்ஜும் சொன்னாள்: "பழைய கேமுக்கு அது சரிக்கா. இப்ப வர்ற பெரிய கேமுக்கு கொறஞ்சது ஆறு வேணும். ஒரு ஊரையே காட்டறாங்கன்னு வெச்சுக்கங்க. தெருவுல போற ஆளு, வண்டி, ஒவ்வொண்ணும் எப்படித் திரும்பணும்னு ப்ராசஸர்தான் கணக்குப் போடணும். கோருங்க அந்த வேலைய ஆளுக்குக் கொஞ்சமா பிரிச்சுக்கும். நாலே நாலு இருந்தா திணறிரும்."

மாதேஸ்வரன் நாற்காலியை அன்ஜும் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அரைமணி நேரம் பேசிவிட்டு, "இவங்க விளையாடறவங்க மேடம், இவங்களுக்கு விவரம் தெரியுது," என்றார். வெண்மதி சிரித்து வைத்தாள்.

மறுநாள் அவளே முதலாளியிடம் போய், நாலு கோரில் ஒன்று, ஆறு கோரில் ஒன்று பூட்டி இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றாள். சவுரியப்பன் சம்மதித்தார். பழைய கேம் மூன்றைப் போட்டார்கள். இரண்டும் ஒன்றுபோல ஓடின. வெண்மதிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"புதுசு ஒண்ணையும் பாத்தர்லாம்க்கா. டவுன்லோடு ஆயிட்டிருக்கு. நா வூட்டுல சாப்புட்டு வந்தர்றேன்," என்று அன்ஜும் கிளம்பினாள்.

அவள் போன பிறகு புது கேம் இறங்கி முடிந்தது. வெண்மதி தனியாக ஓட்டினாள். ஆளில்லாத சாலையில் நன்றாகத்தான் போனது. சந்தைக்கூட்டம் ஒன்று வந்ததும் நாலு கோர் கம்ப்யூட்டரில் படம் நின்று நின்று போனது. திரையின் ஓரத்தில் திறந்து வைத்திருந்த சின்ன ஜன்னலில் நாலு கோரும் நூறு சதவீதம் வேலை செய்வதாகக் காட்டியது. ஆறு கோரில் அதே கூட்டம் வழுக்கிக்கொண்டு போனது. சந்தேகத்துக்கே இடமில்லை. வெண்மதி வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு கேமை மூடினாள். இரண்டிலிருந்தும் அழித்தாள்.

அன்ஜும் திரும்பி வந்ததும், "புதுசும் ஓட்டிட்டேன். ரெண்டுலயும் ஒண்ணாட்டந்தான் இருக்குது. எடத்த அடைக்குதேன்னு அழிச்சுட்டேன்," என்றாள்.

"அப்படியா? நா வேற மாதிரி நெனச்சேன். சரிக்கா," என்றாள் அன்ஜும். வெண்மதி சொன்னதை அவள் சந்தேகப்படவே இல்லை.

நாலு கோரிலேயே பத்து கம்ப்யூட்டரும் போயின. சென்டர் திறந்த இரண்டாவது ஞாயிறு மாதேஸ்வரன் போன் செய்தார். விளையாட வந்தவர்கள் பாதியில் எழுந்து போகிறார்களாம், கேமில் கூட்டம் வந்தாலே படம் நின்றுவிடுகிறதாம். கேம்களை ஏற்றியது அன்ஜும் என்பதால் சவுரியப்பன் அவளைத்தான் அனுப்பினார். மூன்று நாள் பாப்பாரப்பட்டிக்கு பஸ்ஸில் போய் வந்தாள். விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் மாதேஸ்வரன் மறுபடி போன் செய்தார். "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியலீங்க. வெண்மதி மேடத்த அனுப்புங்க," என்றார். ஸ்பீக்கரில் இருந்ததால் வெண்மதி காதிலும் விழுந்தது. இனித்தது, இல்லையென்று சொல்ல முடியாது. எத்தனையோ நாளாக அவள் காது அதற்குத்தான் ஏங்கிக் கிடந்தது.

சாயங்காலம் அன்ஜும் கடைக்கு வந்தாள். முகத்தில் களைப்பு. பையை இறக்காமலே கேட்டாள்: "அக்கா, நீங்க பாத்தப்ப புதுசும் ஓடுச்சுன்னீங்க. அப்ப தப்பு எங்கிட்டதான் இருக்கணும். நா எங்க தப்புப் பண்ணேன்னு பாத்துச் சொல்றீங்களா?"

அவள் கோபப்பட்டிருந்தால் வெண்மதியும் எதிர்த்துப் பேசியிருப்பாள். கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை மேசையில் வைத்தாள்.

"தப்பு உங்கிட்ட இல்ல. அன்னிக்கே நாலு கோர் திணறுச்சு. பாத்துட்டு மறச்சுட்டேன்."

அன்ஜும் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்க்கா?" என்றாள்.

"அந்தாளு உம் பக்கம் நாற்காலியத் திருப்பிப் போட்டாரு. அதான்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்ன விஷயம் என்று வெண்மதிக்கே பட்டது.

"முதலாளிகிட்ட நீங்களே சொல்லிருங்க," என்று சொல்லிவிட்டு அன்ஜும் படியிறங்கிப் போனாள்.

வெண்மதி சொன்னாள். சவுரியப்பன் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "மதர்போர்டு ரெண்டுக்கும் ஒண்ணுதானே. ஆறு கோர் அதுல உக்காருமில்ல?" என்று மட்டும் கேட்டார். உட்காரும் என்றாள். கழற்றி வரும் ப்ராசஸர்களை ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் ஒரே பஸ்ஸில், வேறு வேறு சீட்டில் பாப்பாரப்பட்டி போனார்கள். ஆளுக்கு ஐந்தாகப் பத்தையும் மாற்றினார்கள். சந்தைக்கூட்டம் தங்குதடையில்லாமல் ஓடியது. "அன்ஜும் மேல தப்பில்லீங்க. ஆறு வேணும்னு அவதான் சொன்னா, நான்தான் கேக்கல," என்று வெண்மதி மாதேஸ்வரனிடம் சொன்னாள். அவர் அன்ஜுமைப் பார்த்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். தானே வாங்கிக் கொடுத்த கும்பிடுதான் அது. அதைப் பார்த்தும் வெண்மதிக்கு உள்ளே சுருக்கென்றது.

அதற்குப் பிறகு அன்ஜும் வேலை விஷயம் தவிர வேறு எதுவும் அவளிடம் பேசவில்லை. தை மாதம் ஓசூரில் பெரிய கடையொன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகிற அன்று எல்லாருக்கும் ஸ்வீட் கொடுத்தாள், வெண்மதிக்கும்தான்.

இப்போது ஓசூரிலிருந்து அன்ஜும் யூடியூபில் வீடியோ போடுகிறாள். ஒரு நாள் டவுன் பஸ்ஸில் வரும்போது வெண்மதியின் போனில் அது தானாகவே வந்து நின்றது. எந்த கேமுக்கு எத்தனை கோர் தேவை என்று பன்னிரண்டு நிமிடப் பேச்சு. நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். வெண்மதி முழுதும் பார்த்தாள். இரண்டு இடத்தில் தனக்குத் தெரியாதது இருந்தது, அதை மட்டும் திரும்ப ஓட்டிக் கேட்டாள். லைக் போடவில்லை.