அரக்குச் சிவப்பா, பச்சையா?

"இது அரக்குச் செவப்புக் கூறைச்சேலை லா! பச்சப்பசேல்னு அடிச்சி வச்சிருக்கீங்களே, என் மவ கல்யாணத்துக்குப் போனாளா, வாழத்தோப்புக்குப் போனாளா?"

சுங்காய்த் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஓர் அக்கா, எங்கள் ஸ்டூடியோ மேசையில் படத்தை வீசிக் கேட்ட கேள்வி இது. போட்டோக் கடை என்றால் ஊரார் மூஞ்சிக்கெல்லாம் நாம்தான் ஜவாப்தாரி. கடைக்காரரைக் கட்டிக்கொண்டு பாதி வசவை வாங்கும் சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

வர்ணம் என் பாடு

எழுபதுகளில் ஈப்போ லகாட் ரோட்டில் எங்கள் கடை. என் வீட்டுக்காரர் கறுப்பு வெள்ளையில் எடுப்பார். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் பிடிக்கப் பழக்கிய தூரிகையோடு, நான் வீட்டில் உட்கார்ந்து அதற்கு வர்ணம் தீட்டுவேன். பெண்ணையும் பார்த்ததில்லை, சேலையையும் பார்த்ததில்லை. அவர் பச்சை என்றார், பச்சை அடித்தேன்.

"நான் பாக்கும்போது அப்படித்தாங்க்கா இருந்துச்சு" என்றார் இவர், பச்சைப்பிள்ளை மாதிரி.

அக்கா விட்டாளா? "அப்ப நீங்க யார் கல்யாணத்துக்கு வந்தீங்க அண்ணே?"

மிளகாய்ப் பரீட்சை

எனக்குப் பொறி தட்டியது. சந்தையில் வாங்கிய மிளகாயை முறத்தில் கொட்டி, பழுத்ததை மட்டும் பொறுக்கித் தரச் சொன்னேன். மனுஷன் ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்க்கிறார், மோந்து பார்க்கிறார். கடைசியில் என் கையில் வைத்ததில் பாதி பச்சை.

இத்தனை வருஷம் சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத ஒருவர், அதை ஊருக்கே தெரியாமல் வைத்துக்கொண்டு, நிழலையும் வெளிச்சத்தையும் மட்டும் நம்பிக் கடை நடத்தியிருக்கிறார்! கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்கு மலைப்புத்தான் வந்தது. அவரோ முறத்தைத் தள்ளிவிட்டு, "எல்லாம் காரம்தானே, விடு லா!" என்றார்.

சேலை என்ன கலர்?

கலர் பிலிம் வந்தது. என் தூரிகைக்கு ஓய்வு. இவருக்குத்தான் சோதனை: பின்னால் தொங்கும் திரையில் சிவப்பு எது, பச்சை எது? சிவப்புச் சேலைக்காரியைச் சிவப்புத் திரை முன்னால் நிறுத்தினால் தலை மட்டும் தனியாக மிதக்குமே!

மனுஷன் அசரவில்லை. திரைகளின் ஓரத்தில் ஒன்றுக்கு ஒரு முடிச்சு, ஒன்றுக்கு இரண்டு முடிச்சு என்று என்னைப் போடச் சொன்னார். வருகிற பெண்களிடமெல்லாம், "சேலை என்ன கலர்ம்மா?" என்று பவ்வியமாகக் கேட்டுவிட்டுத் திரையைத் தடவி இழுப்பார். கோலா கங்சாரிலிருந்து புருஷனோடு வந்த ஒருத்தி உருகியே போனாள். "இத்தன வருசத்துல இவரு ஒரு நாளு இப்படிக் கேட்டதில்லண்ணே!"

மிசின்

எண்பதுகளில், பிலிமைக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் கலர் படமாகக் கக்கும் மிசின் வந்தது. எதிர்க்கடை அப்போதே ஒன்றுக்குச் சொல்லிவைத்துவிட்டது. எங்களுக்கு அது வராவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான். ஆனால் கண்ணால் பார்த்து நிறம் சரிசெய்கிற ஆள் இருந்தால்தான் கம்பெனி மிசினைக் கொடுக்கும். அவர்கள் இடத்துக்கு இருவரும் போனோம். இவர் பொத்தானைத் தட்டினார். சோதனைப் படத்தில் இருந்த பெண்ணின் முகம் பாசி பிடித்த தொட்டியாக வந்து விழுந்தது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார். என் மூஞ்சியைப் பார்த்துப் புரிந்துகொண்டார். வேறு ஆளாயிருந்தால் மிசினைத் திட்டிவிட்டு வெளியேறியிருப்பான். இவர், அத்தனை வருஷம் மூடி வைத்ததை அத்தனை பேர் முன்னால் சொன்னார். "எனக்குச் செவப்பு, பச்சை தெரியாது. மிசின் எனக்கு வேணும். கண்ணு இவகிட்ட இருக்கு."

என்னை உட்கார வைத்தார்கள். ஊதாச் சிவப்புக்கான பொத்தானை இரண்டு தட்டுத் தட்டினேன். முகத்தில் ரத்தம் ஓடியது. கம்பெனியின் சீனர் சிரித்து, மலாயில் சொன்னார்: "போலே லா! மாத்தா பினி புன் மாத்தா ஜுகா." ஆகட்டும், பெண்டாட்டி கண்ணும் கண்ணுதானே என்று அர்த்தம்.

மிசின் வந்தது, கடையும் பிழைத்தது. ஆக, கம்பெனிகள் எத்தனை புதுசு கொண்டுவந்தாலும் கடைசியில் வீட்டிலிருந்து கடைக்கு மாறவேண்டியது குடும்பத்தலைவியின் நாற்காலிதான். தீபாவளிக் கூட்டத்தில் பொத்தான்களை விட்டு எழ முடியாமல், இவரிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் கத்திக் கேட்டேன்: "யாராவது ஒருத்தர் வீட்டுக்குப் போயி ஒரு பானை சோறு வடிங்களேன்!"