பின்வாசல் புல்

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். என் மனைவிக்கும் அங்கேதான் வேலை. மேற்கோரத்து அறையில் பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கு வெடிமருந்து அடைக்கிறாள். அறைக்கு நாலு பேர். முன்வாசல் பக்கம் மருந்து இருக்கும் என்பதால், ஏதாவது ஒன்று என்றால் நாலு பேரும் பின்வாசல் வழியாகத்தான் ஓட வேண்டும். முழங்காலில் ஆபரேஷன் ஆனபிறகு அவளால் வேகமாக ஓட முடியாது. அதனால் பின்வாசலை ஒட்டிய இடத்தை அவளுக்குக் கொடுத்தேன். சிபாரிசு என்று பேசினார்கள். ஆமாம், சிபாரிசுதான்.

அந்த வாசலுக்கு வெளியே வேலி வரைக்கும் முழங்கால் உயரத்துக்குப் புல். நடுவில் ஒரு பாதை இருந்ததாகக் கேள்வி. ஆடிக் காற்றில் புல் காய்ந்து சருகாகிவிட்டது. ஒரு பொறி விழுந்தால் போதும். முதலாளியிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்தபின் சாத்தூரிலிருந்து புல் வெட்டும் மிஷின் ஒன்று வந்தது. கூடவே கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குப் பூட்ஸ்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு ஊரே இருக்கன்குடி கோயிலுக்குப் போனது. கம்பெனி லீவு. அறைகளில் சரக்கும் இல்லை, மருந்தும் இல்லை. தரையை முந்தின நாளே கழுவிவிட்டிருந்தோம். இதைவிட்டால் வேறு நாள் கிடைக்காது. பெட்ரோலை கேட்டுக்கு வெளியே வைத்து ஊற்றினேன். இரும்பு பிளேடைக் கழற்றிப் போட்டுவிட்டு நைலான் நரம்பை மாட்டினேன். அங்கே மண்ணைவிட வெங்கச்சங்கல்தான் அதிகம், பிளேடு பட்டால் பொறி பறக்கும். நானும் என் மனைவியுமாகப் புல்லில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். எல்லாம் முறைப்படி. பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுக்கப் போனேன்.

"ஏங்க, கால்ல ஒண்ணும் போடலையா?"

குனிந்து பார்த்தேன். வெறுங்கால். மருந்தில் உரசினால் ஆபத்து என்று கம்பெனிக்குள் செருப்போடு யாரும் நுழையமாட்டோம். கேட்டிலேயே கழற்றிவிடுவது இத்தனை வருஷத்துப் பழக்கம். பூட்ஸும் அங்கேதான் கிடந்தது.

"போர்மேனுக்குக் கால் வெரலு கூடிப்போச்சோ? போயி மாட்டிக்கிட்டு வாங்க."

மாட்டிக்கொண்டு வந்தேன். அவளைத் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னேன். முதல் கல் பறந்துபோய்த் தொட்டியில் அடித்ததும் அவளாகவே உட்கார்ந்துகொண்டாள். நரம்பைத் தரையில் முட்டவிடாமல் கொஞ்சம் தூக்கி, இப்படியும் அப்படியும் நிதானமாக வீசிப் போனால் புல் படுத்துவிடும். அவசரப்பட்டு அமுக்கினால் நரம்பு அறும். எனக்கு அறுந்தது.

கடைசியில் வேலி வரைக்கும் பாதை பளிச்சென்று தெரிந்தது. பாராட்ட ஆள் இல்லாததால் அடேயப்பா என்று நானே சொல்லிக்கொண்டேன்.

"ஓடிப் பாரு" என்றேன்.

அவள் உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். எழுந்து, வழக்கம்போல வெறுங்காலோடு பின்வாசலில் இறங்கினாள். கொஞ்சதூரம்தான். "ஆத்தாடி!" என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள்.

புல்லுக்குள் கருவேலங்கன்றுகள் இருந்திருக்கின்றன. நைலான் நரம்பு அவற்றை அறுக்காது. இலையை உரித்துவிட்டுக் குச்சியைக் கூராக நிறுத்திவிடும். பூட்ஸ் போட்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பாதையில் ஓடப்போகிறவர்கள் எல்லாரும் வெறுங்கால்காரர்கள்.

"முன்னயாச்சும் புல்லு மெத்துன்னு கெடந்துச்சு" என்றாள், உள்ளங்காலைப் பார்த்தபடி.

தண்ணீரை ஊற்றி மண்ணை ஊறவிட்டு, கன்றுகளை வேரோடு பிடுங்கினோம். முள்ளைப் பொறுக்கினோம். நான் பூட்ஸைக் கழற்றிவிட்டு வேலிவரை நடந்து பார்த்தேன். பிறகு அவள் ஓடினாள். ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு காலை இழுத்து இழுத்துப் போய் வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவள் திரும்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய உள்பக்கமா உக்கார வச்சிருங்க" என்றாள். "நான் முன்னால இப்படி இழுத்துக்கிட்டுப் போனா, பின்னால வாரவுக மூணு பேரும் எங்கிட்டுப் போவாக? எல்லாம் சின்னப் பிள்ளைய வச்சிருக்கவுக. அவுக மொதல்ல போகட்டும்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "கூறு இருக்கா ஒனக்கு? யாருக்காக இம்புட்டும் வெட்டுனேன்?"

"தெரியும்" என்றாள்.

பூட்ஸை மறுபடி மாட்டினேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னேன். ஒருத்தி மெதுவாகப் போனாலும் மற்ற மூவரும் பக்கத்தில் தாண்டி ஓடும் அகலத்துக்கு, பொழுது சாய்வதற்குள் வெட்டி முடித்தேன். கன்றுகளைப் பிடுங்கும்போது அவளும் வந்து குனிந்தாள்.

அவள் இடத்தை நான் மாற்றவில்லை.