மூன்று நாற்பதுக்கு அமுங்கிய பட்டன்

இது கட்டுக்கதை இல்லை. என் மனைவி இன்னாசிமேரியின் கழுத்தில் இன்றைக்கும் கயிறு அறுத்த மாதிரி ஒரு தழும்பு இருக்கிறது. நம்பாதவர்கள் கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். பேய்க்கு ராத்திரிதான் நேரம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை... நான் பார்த்தது பட்டப்பகலில். மணி மூன்று நாற்பது.

2008-ல் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் நானே ஒரு சிஎன்சி மெஷின் செய்தேன். கம்ப்யூட்டரில் எழுத்தைப் போட்டுக் கொடுத்தால் மரப்பலகையில் அதுவே செதுக்கும். எல்லாம் பொழுதுபோக்குக்குத்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் அப்போது வேறு யாரிடமும் அது இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. முகம் தெரியாதவர்கள் எல்லாம் போன் செய்து யோசனை கேட்டார்கள். எந்த சாஃப்ட்வேர் போடலாம், எந்த போர்டு வாங்கலாம்? பெயரைக்கூட விசாரிக்காமல் அள்ளிவிடுவேன்.

"புது கம்ப்யூட்டர் வாணாம். பின்னாடி பிரிண்டர் மாட்டுற போர்ட் இருக்குற பழசே போதும். ஸ்டாப் பட்டனா? அதெல்லாம் பயந்தாங்கொள்ளிக்கு. கீபோர்டுல ஒரு தட்டு தட்டுனா நின்னுடப் போவுது."

இதையே இருபது பேருக்காவது சொல்லியிருப்பேன். எல்லாம் தெரிந்தவன் அல்லவா நான்!

2011 மே மாதம் ஒரு இடி விழுந்தது. என் கம்ப்யூட்டரும், மோட்டார்களை ஓட்டும் கன்ட்ரோல் பெட்டியும் கருகிப் போயின. சிதம்பரத்தில் ஒரு வீட்டில் இரண்டும் பழசாக விலைக்கு இருப்பதாக ஒரு புரோக்கர் சொன்னார். ஜூலையில் போனேன். மேல வீதிக்குப் பின்னால் சின்ன வீடு. தைலம்மாள் என்ற அம்மா கதவைத் திறந்தார். அவர் வீட்டுக்காரர் கொளஞ்சி போய்ச் சேர்ந்து ஒரு வருடமாம். எப்படிச் செத்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. கம்ப்யூட்டருக்குப் பின்னால் பிரிண்டர் போர்ட் இருக்கிறதா என்றுதான் குனிந்து பார்த்தேன்.

பெட்டியின் முகப்பில் காளான் மாதிரி பெரிய சிவப்புப் பட்டன். அவசரத்துக்கு அமுக்கினால் உள்ளே மாட்டிக்கொண்டு மெஷினை நிறுத்தும் வகை. திருகினால்தான் வெளியே வரும். அது அமுங்கியே கிடந்தது. திருகினேன்.

டக்.

தைலம்மாள் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"அத அப்புடியே வுட்டுருக்கலாமே சார்... செரி, எடுத்துட்டுப் போங்க. வூட்ட வுட்டுப் போனா போதும்."

வீட்டுக்கு வந்து கேபிள்களை மாட்டினேன். பெட்டியின் மூடியைத் திறக்கவில்லை. தெரிந்தவன் எதற்குத் திறந்து பார்க்க வேண்டும்?

அப்போதெல்லாம் தினமும் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கரண்ட் இருக்காது. வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கரண்ட் வந்ததும் ஓட்டினேன். நன்றாகத்தான் செதுக்கியது. தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் போனேன். திரும்பி வந்தால் மெஷின் நின்றிருக்கிறது. பட்டன் அமுங்கியிருக்கிறது. மணி 3:40.

"மேரி, இத நீ அமுக்குனியா?"

"நா எதுக்குங்க அத தொடப் போறேன்?"

திருகிவிட்டேன். மறுபடி ஓடியது. வெள்ளிக்கிழமையும் அதே 3:40. இந்தத் தடவை வாசலில்தான் நின்றேன். 'டக்' என்று சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஷெட்டில் யாரும் இல்லை. ஸ்பிரிங் வலுவான பட்டன் அது. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்காது, உள்ளங்கையை வைத்து அமுக்க வேண்டும். மெஷின் அதிர்வில் அமுங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை. ஜூலை 16. மூன்று முப்பத்தெட்டு.

மேரி காப்பியோடு வந்தாள். டம்ளரை வைத்துவிட்டு, மேஜை ஓரத்தில் சிந்திய மரத்தூளை வழித்தாள்.

"சொன்னா கேக்க மாட்டீங்க, எம்மாந் தூசு..."

ஃபேன் காற்று. முந்தானை பறந்தது.

சுற்றிக்கொண்டிருந்த கட்டரில் நுனி சிக்கியது.

ஒரே இழுப்பு... அவள் முகம் பலகையில் மோதியது. சேலை கழுத்தைச் சுற்றி இறுகியது. கத்தக்கூட முடியவில்லை அவளால்.

கீபோர்டைத் தட்டினேன். நிற்கவில்லை.

திரை உறைந்து போயிருந்தது. மறுபடி தட்டினேன். மறுபடி...

பட்டனும் மெயின் சுவிட்சும் மேரிக்கு அந்தப் பக்கம், எனக்கு எட்டாத மூலையில்.

3:40.

டக்.

நின்றுவிட்டது.

யாரும் அமுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பட்டன் தானாக உள்ளே போனது. அதன் மேல் படிந்திருந்த மரத்தூளில் ஒரு உள்ளங்கை பதிந்திருந்தது. என் கையைவிடப் பெரிய கை.

மேரியை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். அவள் அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டு வந்து, பெட்டியின் நான்கு திருகாணிகளையும் கழற்றினேன்.

பட்டனுக்குப் பின்னால் ஒயர் இல்லை. ஒன்றுகூட இல்லை. ஒயர் மாட்டும் இரண்டு திருகாணிகளும் புதுசாக மின்னின. அந்தப் பட்டனால் எதையும் நிறுத்தவே முடியாது.

மறுநாள் சிதம்பரம் போனேன். தைலம்மாள் என் முகத்தைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார்.

"கழுத்துல துண்டு போட்டுருந்தாருங்க. அது மெசின்ல மாட்டிக்கிச்சு. மூணே முக்காலுக்கு நா டீ எடுத்தாறேன்... அதுக்குள்ள முடிஞ்சி போச்சு. கை மட்டும் அந்த செவப்பு பட்டன அமுக்கிக்கிட்டே இருந்துது. ரெண்டு பேரு சேந்துதான் பிரிச்சாங்க. அமுக்கியும் ஏன் சார் நிக்கல?"

அவர் உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டு வந்தார். கொளஞ்சியின் கையெழுத்து. எந்த கம்ப்யூட்டர், எந்த சாஃப்ட்வேர், எந்த போர்டு என்று பொறுப்பாக எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் இது இருந்தது:

'ஸ்டாப் பட்டன் ஏற்கெனவே வாங்கியாச்சு. அழகுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒயர் இழுக்க வேண்டாம், கீபோர்டே போதும். கடலூர் லூர்துசாமி சார் போனில் சொன்னார்.'

என் பெயர்தான் லூர்துசாமி.

"நீங்களும் கடலூருதான சார்? அவர உங்களுக்குத் தெரியுமா? ஒரு தடவ பாத்துக் கேக்கணும்."

நான் கொன்ற மனிதர் என் மனைவியைக் காப்பாற்றியிருக்கிறார். அதை அங்கேயே, அந்த அம்மாவின் காலில் விழுந்து சொல்லியிருக்க வேண்டும்.

"தெரியாதும்மா," என்றேன்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து ஷெட்டைத் திறந்தேன். பட்டன் அமுங்கியே இருந்தது. திருகினேன். வரவில்லை. குறடு போட்டுத் திருகியும் வரவில்லை...

இன்றுவரை வரவில்லை.