பையச் சொன்ன ரகசியம்

சீவலப்பேரியிலிருந்து வண்ணார்பேட்டைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் தினமும் என் பக்கத்தில் உட்காருவார் அந்த நூற்பாலைக்காரர். தலைமுடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, "நல்லாருக்கீரா வே" என்பதைக்கூட ஊருக்கே கேட்கும்படிதான் சொல்வார்.

ஒரு வாரமாகத் தலையில் பஞ்சைக் காணோம். மடியில் தூக்குச்சட்டி மட்டும் இருந்தது.

"என்ன அண்ணாச்சி, மில்லுக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

முன் இருக்கைகளில் அவர் தெருப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒரு பார்வை பார்த்தார். வாயைக் கையால் மறைத்து, என் காதருகே குனிந்தார்.

"மில்லு திவாலாயிட்டு வே. கேட்டைப் பூட்டிட்டானுவ. வீட்டுல இன்னும் சொல்லல. பகல் பூரா பாலத்தடியிலதான் இருக்கேன். யாருட்டயும் சொல்லிராதேயும்."

அவரைப் பொறுத்தவரை அது கிசுகிசுப்பு. பஸ் முழுக்கக் கேட்டது. பெண்கள் யாரும் திரும்பவில்லை. ஆனால் அவர்கள் பேச்சு நின்றுபோனது. அவரோ பாரத்தை இறக்கிவைத்தவர்போலச் சாய்ந்து உட்கார்ந்தார்.

மறுநாளும் தூக்குச்சட்டியோடு ஏறினார். மறுபடி வாயை மறைத்துக்கொண்டார்.

"என்னமோ தெரியல வே, இன்னைக்கு வீட்டுக்காரி முட்டையும் அவிச்சு வச்சிருக்கா."

முன் இருக்கையில் அன்றும் யாரும் திரும்பவில்லை.