புதுநன்மை நாளில் வராத பொறி

பட்டாபிராமில் எங்கள் பழைய வீட்டுக்கு எதிரே இருந்த காலி மனையில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அங்கே குடியிருக்கும் தோழியைப் பார்க்கப் போனபோது, கீழே யாரோ உப்புத்தாளால் இரும்பைத் தேய்க்க, பெட்ரோல் வாடையும் சேர்ந்து வர, அப்பாவின் பழைய கார் நின்ற இடம் இதுதான் என்று நினைவுக்கு வந்தது.

மழைக்காலத்தில் அந்தக் கார் லேசில் கிளம்பாது. அப்பா டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ஈரம் துடைப்பார், உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பாயின்டை உப்புத்தாளால் தேய்ப்பார், பொறி வருகிறதா என்று பார்க்கப் பிளக்கைக் கழற்றி ஒயரோடு இஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, "சாவியத் திருப்பு" என்பார், அம்மா திருப்புவாள், இஞ்சின் இருமும், பொறி மட்டும் வராது.

மாதா கோயிலில் எனக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை அப்பம், கொடுத்த ஞாயிறன்றும் அப்படித்தான். வெள்ளைக் கவுனும் பூமுடியுமாக நான் பின் சீட்டில் புழுங்கிக்கொண்டிருக்க, பட்டுப்புடவை கட்டிய அம்மாவுக்குச் சாவியைத் திருப்பியே கை சலித்துப்போனது.

"கோயில் மணி அடிச்சிட்டாங்க. நடந்தே பூடலாம், வாங்க."

"இரு, இன்னான்னு பாத்துட்றேன். புள்ளைய நடக்கவுட்றதுக்கா காரு வாங்கினேன்?"

அம்மா என்னை இறக்கி, சேற்றில் நடத்திக் கூட்டிப்போனாள். நற்கருணை வாங்கும்வரை நான் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லாரும் வந்திருந்தார்கள்.

பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் வாசலில் கார் உறுமிக்கொண்டு நின்றது. கையெல்லாம் கருப்போடு அப்பா சிரித்தார்.

"பாயின்ட்கூட இருக்குற கண்டென்சர் பூட்ச்சி, அதான் பொறி வரல. ஊட்ல கெடந்ததப் போட்டேன், கெளம்பிட்ச்சி."

"பூசையும் முடிஞ்சிட்ச்சி," என்றாள் அம்மா.

அப்பாவின் சிரிப்பு போய்விட்டது. இஞ்சினை நிறுத்தி இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டார். காரைக் கோயில் வாசலிலேயே விட்டுவிட்டு, மூவரும் நடந்தே வீட்டுக்குப் போனோம்.