பூஜ்ஜிய நொடிக் காத்திருப்பு

கிளிப் சாருக்கு முட்டி வலி வந்தது வயதால் அல்ல, ஏணியால். அடுக்குமாடிக் கட்டடங்களின் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். தொட்டி காலியானால் மோட்டாரைப் போடுவதும் நிரம்பினால் நிறுத்துவதும் அதன் வேலை. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கு நிரல் எழுதுவது இவர் வேலை. நிரலில் பிழை வந்தால் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவர வழியில்லை, தொட்டிச் சுவரோடு சேர்த்துப் பூசியிருப்பார்கள். ஆகவே இவரே லேப்டாப்பை முதுகில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, ஆறு ஊசி வைத்த கிளிப்பைச் சிப் பதித்த மின்பலகையில் அழுத்திப் பிடித்தபடி புது நிரலை ஏற்ற வேண்டும். பதினெட்டு வருடமாக அந்தக் கிளிப் அவர் சட்டைப்பையில், மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் இருந்தது.

"என்னைவிட அந்த ஏணியோடதான் உங்களுக்கு நெருக்கம்" என்று அவர் மனைவி தைலம் தேய்க்கும்போதெல்லாம் சொல்வாள். டாக்டர் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். இன்னும் ஒரு வருடம் இப்படி ஏறினால் முட்டியை அறுத்து மாற்ற வேண்டியதுதான்.

புது மாடல் பெட்டி வரப்போகிறது என்றதும் கிளிப் சார் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கோரிக்கை வைத்தார். பூட்லோடர் போட்டுவிடலாம். அது சிப்பின் வாசலில் உட்கார்ந்திருக்கும் குட்டி நிரல். கரண்ட் வந்ததும் முதலில் அது எழுந்து, கம்பி வழியாகப் புது நிரல் ஏதாவது வருகிறதா என்று சில நொடி பார்க்கும். வந்தால் வாங்கி உள்ளே வைக்கும். வராவிட்டால் பழைய நிரலையே எழுப்பிவிடும். தொட்டியிலிருந்து கீழ்த்தள மீட்டர் அறைக்கு ஏற்கெனவே கம்பி ஓடுகிறது. இனி கீழேயே உட்கார்ந்து வேலையை முடித்துவிடலாம்.

எந்த பூட்லோடர் என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். மேலாளர், விற்பனைக்காரர், கொள்முதல் அதிகாரி, ஓரத்தில் கிளிப் சார். முதல் கூட்டத்தில் மேலாளர் ஒரு பிரமாண்டமான பூட்லோடரைக் கொண்டுவந்தார். கடவுச்சொல் கேட்கும், கம்பெனியின் சின்னம் காட்டும், தவறு நேர்ந்தால் ஐந்து மொழியில் மன்னிப்புக் கேட்கும். சிப்பில் முக்கால்வாசி இடத்தை அதுவே எடுத்துக்கொள்ளும்.

"சார், வாட்ச்மேன் ரூமையே இவ்வளவு பெருசா கட்டிட்டா வீட்டை எங்க கட்டறது?" என்றார் கிளிப் சார்.

இரண்டாவது கூட்டத்தில், தானே எழுதிய சின்ன பூட்லோடரைக் காட்டினார். இருந்த இடம் தெரியாது. ஐந்து நொடி காத்திருக்கும், அவ்வளவுதான். சிப்பில் வேறு எதற்கும் இடமில்லை என்பதால் குழு வேண்டாவெறுப்பாக அதை ஏற்றது. அன்று அவர் வீட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே போனார்.

மூன்றாவது கூட்டத்தில் விற்பனைக்காரர் வாயைத் திறந்தார். "நேத்து ஒரு கஸ்டமர் முன்னாடி சுவிட்சைப் போட்டேன். அஞ்சு நொடி பெட்டியில இருக்கற விளக்கே எரியல. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"மூணு நொடி வச்சுக்கலாமா?" என்றார் மேலாளர்.

"மூணு நொடி போதும் சார், ஒரு ஆள் மனசு மாறிடறதுக்கு."

"ரெண்டரை" என்றார் கொள்முதல் அதிகாரி. எதைப் பேசினாலும் பேரம் பேசியே பழக்கப்பட்டவர்.

"யாருக்கும் மனவருத்தம் வேணாம். பூஜ்ஜியம்னு போட்டுடுங்க" என்று மேலாளர் தீர்ப்பு சொன்னார்.

"சார், பூஜ்ஜியம்னா அது எழுந்த உடனே படுத்துடும். நிரல் வந்தா வாங்க ஆளே இருக்காது."

"ஆனா பூட்லோடர் உள்ள இருக்கும் இல்ல?"

"இருக்கும் சார்."

"அப்புறம் என்ன?"

கூட்டம் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மேசைக்கடியில் மடங்கியிருந்த முட்டி உயிரை வாங்கியது. எழுந்து நின்றால் போதும் என்றிருந்தது அவருக்கு. கையெழுத்துப் போட்டார். மேலாளரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், ஆனால் அந்தக் காகிதத்தில் இருப்பது இவருடைய கையெழுத்து.

தொண்ணூற்றாறு பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. ஒரே மாதத்தில் பிழை தலைகாட்டியது. கரண்ட் போய் வந்தால் தொட்டி நிரம்பியிருப்பதைப் பெட்டி மறந்துபோய், மோட்டாரைப் போட்டு மொட்டை மாடியை வெள்ளக்காடாக்கியது.

"பூட்லோடர் இருக்குன்னுதானே சொன்னீங்க? அப்புறம் எதுக்கு ஏறணும்?" என்று மேலாளர் கேட்டார், உண்மையிலேயே ஆச்சரியத்தோடு.

முதல் கட்டடத்தில் ஏணி உச்சியில் ஒரு கையால் தொட்டியையும் மறு கையால் கிளிப்பையும் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அவருக்கு அது உறைத்தது. பூட்லோடர் எழுந்ததும் முதல் வேலையாக விளக்கைப் போட்டுவிட்டு, பிறகு காத்திருந்தால் என்ன? ஒரு வரியை மேலே தூக்கிப் போட்டால் தீர்ந்தது. மூன்று கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை. எழுதிய மகராசனுக்கே தோன்றவில்லை. அந்த வெட்கம் முட்டியைவிட அதிகமாக வலித்தது.

அங்கிருந்தே மேலாளருக்குப் போன் போட்டார்.

"நல்ல யோசனைதான். அடுத்த வாரம் குழுவில வச்சுப் பேசலாம்" என்றார் மேலாளர்.

கிளிப் சார் ஏணியைக் குனிந்து பார்த்தார். இருபத்திரண்டு படி. அடுத்த வாரம் மறுபடியும் இருபத்திரண்டு. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, லேப்டாப்பில் அந்த வரியை மேலே தூக்கினார். பூஜ்ஜியத்தை அழித்து ஐந்து என்று போட்டார். தொண்ணூற்றாறு பெட்டியிலும் பிழை திருத்திய நிரலோடு அதையும் ஏற்றினார். ஏழு வாரம் பிடித்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

விளக்கு உடனே எரிவதைப் பார்த்து விற்பனைக்காரர் பூரித்துப் போனார். 'காத்திருப்பு: பூஜ்ஜியம்' என்று விளம்பரமே அச்சடித்தார்கள். அந்த முடிவை எடுத்தது யார் என்று மேலாளர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த பிழை வந்தபோது கிளிப் சார் ஒரு கட்டடத்தின் மீட்டர் அறையில் வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து நிரலை அனுப்பினார். மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, ஏணியிலயா இருக்கீங்க?"

"நாற்காலியில" என்றார். காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டார்.

பெட்டிக்குப் புதுச் சின்னம் தேர்ந்தெடுக்க மறுவாரம் குழு கூடியது. கிளிப் சாரையும் அழைத்தார்கள்.

"வர முடியாது சார், முட்டி வலி" என்று சொல்லிவிட்டு, ஆபீஸ் மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி வீட்டுக்குப் போனார்.